கிராஞ்சி நீரின் இரவும் பகலும்

கிராஞ்சி ஆறு ஜொகூர் நீரிணையில் கலக்கும் இடத்தில் 1975இல் அணை கட்டி முடித்தார்கள். கடல்நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்த கழிமுகம் நன்னீர்த் தேக்கமாயிற்று. நிலத்தடி நீரைப் பெரிதாக நம்ப முடியாத சிங்கப்பூருக்கு, மண்ணில் விழும் மழையைக் கடலுக்கு விடாமல் பிடித்துவைப்பது உயிர்ப்பிரச்சினை.

பிடித்துவைத்தால் மட்டும் போதாது. வெயில் ஆண்டு முழுவதும் காயும் ஊரில், தேங்கிய நீர் சும்மா கிடப்பதில்லை. கிராஞ்சியில் ஆய்வாளர்கள் உன்னிப்பாகக் கவனித்துவருவது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியை. பாசி என்றாலும் அது பாக்டீரியா இனம். அதன் செல்லுக்குள் காற்று அடைத்த நுண்ணிய குழல்கள் உண்டு. அவற்றால் ஒளி தேடி மேலே மிதந்து வரும். பகலில் ஒளிச்சேர்க்கை செய்து மாவுப்பொருள் சேர்ந்ததும் கனம் கூடிக் கீழே இறங்கும். கண்ணும் இல்லை, துடுப்பும் இல்லை; ஆனாலும் தனக்கு வேண்டிய ஆழத்தைத் தேடிக்கொள்கிறது! ஆகவே விடியலில் மேற்பரப்பில் முகந்த நீரின் சோதனை முடிவை வைத்து அந்தி நேரத்து நீரைப் பற்றிப் பேச முடியாது.

இதன் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நச்சைச் சுரக்கின்றன. குடிநீரில் அதன் ஒரு வகைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நீண்டகால வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகும் என்ற நம் வீட்டு நம்பிக்கை இங்கே செல்லாது. கொதியில் செல்கள் உடைந்து நச்சு வெளியே வரும், நச்சோ அழியாது. சுத்திகரிப்பு நிலையங்கள் முதலில் செல்களை உடையாமல் வடித்தெடுக்க முயல்வது அதனால்தான்.

பாசியை ஒளியாலேயே எண்ணலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு. இந்த இனத்தில் பைகோசயனின் என்ற நிறமி இருக்கிறது. செம்மஞ்சள் ஒளியைப் பாய்ச்சினால் அது சிவப்பொளியாகத் திருப்பி உமிழும். அந்த ஒளியின் வலிமையைக் கொண்டு பாசியின் அளவைக் கணிக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய அன்ன வடிவ மிதவை எந்திரங்கள், மனிதர் படகில் போகாமலே கரைந்த ஆக்சிஜன், கலங்கல், பச்சையம் போன்றவற்றை அளந்து அனுப்பும்.

அவற்றுள் ஆக்சிஜனை நான் முதலில் பார்ப்பேன். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் ஏற்கும். பாசி பெருகினால் பகலில் அதையும் தாண்டும். இரவில் பாசியே சுவாசித்துக் குறைத்துவிடும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் கரைந்து மேலே வரும். அதுவே அடுத்த பாசிக்கு உரம். கரையிலிருந்து வரும் உரத்தையும் கழிவையும் இன்று தடுத்தாலும், முன்பே வந்து படிந்தது சேற்றில் இருக்கிறது. ஆகவே நண்பகலில் மேற்பரப்பில் மட்டும் அளந்தால் போதாது. விடியுமுன் அடிமட்டம்வரை கருவியை இறக்கிப் பார்க்க வேண்டும்.