இறக்கைக்குப் போகும் கம்பி

செஸ்னா 172 விமானத்தின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னத் தகட்டு மூடிகள் இருக்கும். அதில் ஒன்றைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பெரிய இயந்திரம் எதுவும் தெரியாது. சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனில் எஃகுக் கம்பி ஒன்று ஓடும். அது திரும்பும் இடத்தில் ஒரு கப்பி. கிணற்றில் வாளிக் கயிறு ஓடுமே, அதே வேலைதான். கப்பி மட்டும் கொஞ்சம் சிறியது. விமானி கைப்பிடியைத் திருப்பினால் கம்பி இழுபடும். கம்பி இழுபட்டால் இறக்கையின் ஓரத்தில் இருக்கும் மடல் அசையும். 1956-இல் விற்பனைக்கு வந்த இந்த விமானம் இதுவரை 44,000-க்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. உலகில் வேறெந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. அவை அத்தனையும் பறப்பது இந்தக் கம்பிகளை நம்பித்தான்.

வாலில் படுத்திருக்கும் மடல் எலிவேட்டர். மூக்கை ஏற்றி இறக்கும். நின்றிருக்கும் மடல் ரடர். மூக்கை இடம் வலமாகத் திருப்பும். இறக்கைக்கு ஒன்றாக இருப்பவை ஏலரான்கள். இவைதான் வேடிக்கையானவை. ஒன்று மேலே போனால் மற்றது கீழே போகும். மேலே எழும் பக்கத்தில் இறக்கையின் தூக்குவிசை குறைந்து, விமானம் அந்தப் பக்கமாகச் சாயும். அதாவது இடப்பக்கம் சாய வேண்டுமானால் இடது ஏலரான் மேலே எழ வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

அந்தக் கம்பியை இன்னும் கிட்டே போய்ப் பார்ப்போம். அது ஒற்றைக் கம்பி இல்லை. 7 புரிகளை முறுக்கியது. ஒவ்வொரு புரியிலும் 19 மெல்லிய இழைகள். மொத்தம் 133. இத்தனை இழை இருப்பதால்தான் கப்பியில் ஆயிரக்கணக்கான முறை வளைந்தாலும் ஒடியாமல் இருக்கிறது. இருந்தாலும் கப்பியில் வளையும் இடத்தில்தான் முதலில் இழை அறும். அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? ஒரு துணியைக் கம்பியில் சுற்றிப் பிடித்து, நெடுக உருவிக்கொண்டே போவார். அறுந்த இழை இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். வெறுங்கையால் உருவினால் விரலைக் கிழித்துவிடும்.

இப்போது ஒரு கேள்வி. விமானம் உச்சி வெயிலில் நிற்கிறது. உள்ளே இருக்கும் கம்பி தொய்யுமா, இறுகுமா? சூட்டில் எஃகு நீளும், அதனால் தொய்யும் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் இறுகும்! விமானத்தின் உடல் அலுமினியம். 5 மீட்டர் நீள அலுமினியத்தை 30 டிகிரி சூடேற்றினால் ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகு 1.8 மில்லிமீட்டர்தான் நீளும். உடம்பு அதிகமாக வளர்ந்து, உள்ளே இருக்கும் கம்பியை இழுத்துப் பிடிக்கிறது. குளிரில் இதற்கு நேர்மாறு. அதனால்தான் கம்பியின் இழுவிசை எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்க்கும்போது, அன்றைய வெப்பநிலையையும் பார்ப்பார்கள்.

இழுவிசை அதிகமானால் கைப்பிடி கனக்கும், கப்பி தேயும். குறைந்தால் மடல் தாமதமாக அசையும். கம்பி கப்பியை விட்டு நழுவவும் கூடும். சரிசெய்ய டர்ன்பக்கிள் என்று ஒரு சின்னச் சாதனம் உண்டு. நடுவில் பித்தளைக் குழல், அதன் இரு முனையிலும் திருகுகள். ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை. குழலைத் திருகினால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் உள்ளே வரும். யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரர்! திருகி முடித்தபின் குழலுக்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியக்கூடாது என்பது விதி. அப்புறம் அது தானாகக் கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியால் கட்டிப் பூட்டுவார்கள்.

கம்பி புதிது, இழுவிசை சரி, பூட்டும் போட்டாயிற்று. எல்லாம் முடிந்ததா? இல்லை. கம்பிகளை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தால்?

1947 ஆகஸ்ட் 23. இங்கிலாந்தின் வுட்ஃபோர்டு விமானத்தளம். அவ்ரோ டியூடர் என்ற விமானம் சோதனைக்காகக் கிளம்பியது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் ராய் சாட்விக். இரண்டாம் உலகப்போரில் பெயர்பெற்ற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவர். முந்தைய இரவு பராமரிப்பின்போது ஏலரான் கம்பிகள் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. விமானம் புறப்பட்டதுமே விழுந்தது. சாட்விக் இறந்துபோனார்.

கம்பி மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விமானம் லேசாக இடப்பக்கம் சாய்கிறது. நிமிர்த்த விமானி கைப்பிடியை வலப்பக்கம் திருப்புகிறார். அது இன்னும் இடப்பக்கம் சாய்கிறது. பதறி மேலும் வலப்பக்கம் திருப்புகிறார். பழகிய கையே எதிரியாகிவிடுகிறது.

பழைய காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2018 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலில், பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானா நிறுவனத்தின் ஜெட் ஒன்றிலும் இதே தவறுதான். பயணிகள் ஜெட் என்றாலும் அதன் ஏலரான்களுக்குக் கம்பிதான் போகிறது. வானத்தில் வெகுநேரம் போராடி, இரண்டு முயற்சிகள் பலிக்காமல், மூன்றாவது முறை பேஜா விமானத்தளத்தில் இறங்கியது. உள்ளே இருந்த ஆறு பேரும் பிழைத்தார்கள்.

அதனால்தான் பல நாடுகளில் கம்பியைப் பூட்டியவரே அதைச் சரிபார்த்து முடித்துவிட முடியாது. வேலையில் கைவைக்காத இன்னொருவர் வந்து தனியாகப் பார்க்க வேண்டும். மடல் அசைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்க வேண்டும். கம்பி மாறிய விமானத்திலும் மடல் ஜோராகத்தான் அசையும்!

விமானியும் ஒவ்வொரு முறை கிளம்பும் முன் பார்ப்பார். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. கைப்பிடியை இரு கையாலும் பிடித்து, கட்டைவிரல்களை மேலே நீட்டிக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் திருப்பினால் விரல்கள் இடப்பக்கம் சாயும். விரல் காட்டும் பக்கத்து ஏலரான்தான் மேலே எழுந்திருக்க வேண்டும். எலிவேட்டருக்கு இந்த விரல் வித்தை உதவாது. கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, அது மேலே எழுகிறதா என்று கழுத்தைத் திருப்பி வாலைப் பார்க்க வேண்டும். செஸ்னா 172-க்குப் பின்பக்கக் கண்ணாடி வந்ததே 1963 மாடலில்தான்.