பாசி எடுக்கிற அக்காவும் பிபி ஃபார்முலாவும்

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம்)

இந்த வாரம் பிபி. ஒரு லிசனர் கேட்டிருந்தார்: "டென்ஷன் ஆனா ஏறும், உப்பு சாப்பிட்டா ஏறும்னு எல்லாரும் சொல்றாங்க. உள்ள என்னதான் நடக்குது?" நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுற ஆள். ஆனா இது அடிப்படையில் ஒரு சிஸ்டம் பிரச்சினை. அதனால் பிரிச்சுப் பார்க்கலாம்.

ஒரே ஒரு ஃபார்முலா

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ஓம் விதி ஞாபகம் இருக்கும். வோல்டேஜ் என்பது கரன்ட் பெருக்கல் ரெசிஸ்டன்ஸ். ரத்தத்துக்கும் ஏறக்குறைய அதேதான்: அழுத்தம் = ஓட்டம் × தடை.

ஓட்டம் இதயத்தோட வேலை. ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர். தடை என்பது சின்னச் சின்ன ரத்தக்குழாய்களோட வேலை. இங்கதான் கணக்கு பயமுறுத்தும். தடை, குழாயோட ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். ஆரம் வெறும் 10 சதவீதம் குறைஞ்சா தடை 50 சதவீதத்துக்கு மேல ஏறும். பாதியானா 16 மடங்கு! டென்ஷன்ல பிபி சட்டுனு ஏறுறதுக்குக் காரணமும் இதுதான். அட்ரினலின் இதயத்தை வேகமா ஓட வைக்கும், நரம்புகள் பல குழாய்களை இறுக்கும்.

பாம்பன் கடலுக்குள்ள

இந்த ஃபார்முலா வேலை செய்றதைப் பார்க்க ராமேஸ்வரம் தீவுக்கு வாங்க. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கி, பாறையில் இருக்கிற மரிக்கொழுந்து பாசியைப் பறிக்கிறாங்க. ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, இந்தப் பாசி எடுக்கும் பெண்களை ஒருங்கிணைத்ததற்காக 2015-ல் சீகாலஜி விருது வாங்கினவர்.

ஒரு அக்கா மூச்சை அடக்கி முகத்தைத் தண்ணிக்குள்ள வைக்கிறாங்கன்னு வைங்க. முக நரம்பு மூளைக்கு சிக்னல் அனுப்பும், இதயத் துடிப்பு குறையும். அதே நேரத்தில் கை, கால் குழாய்கள் சுருங்கும். இருக்கிற ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு இது. ஃபார்முலாவில் போடுங்க: ஓட்டம் குறையுது, தடை அதைவிட அதிகமா ஏறுது. அதனால் மூச்சை அடக்க அடக்க அழுத்தம் ஏறும். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணையில் முத்துக் குளிப்பவர்களை வைத்து ஷொலாண்டர் குழு 1962-ல் வெளியிட்ட ஆய்விலும் மூழ்கும்போது துடிப்பு குறைவது பதிவாச்சு. தண்ணி குளிரா இருந்தா இந்த ரிஃப்ளெக்ஸ் பலமா இருக்கும். மன்னார் வளைகுடா வெதுவெதுப்பு என்பதால் கொஞ்சம் மிதம்.

இன்னொன்னு. கழுத்தளவு தண்ணியில் நின்னா, தண்ணியோட அழுத்தம் காலில் இருக்கிற ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளும். "ரத்தம் ஜாஸ்தியா இருக்கு போல"ன்னு இதயம் நினைச்சு ஒரு ஹார்மோனை விடும், கிட்னி சிறுநீரை அதிகமாக்கும். பல மணி நேரம் இப்படி நீர் இழந்து, குடிக்கவும் குடிக்காமல் கரையேறினா? வெளியில் தண்ணியோட தாங்கல் இல்லை. ரத்தம் மறுபடி காலுக்கு இறங்கும், தலை சுத்தும். பிபிக்கு நீர் மாத்திரை சாப்பிடுறவங்க இந்த வேலைக்குப் போனா, "நான் கடல்ல இறங்குறேன்"னு டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும்.

சென்சார் இருக்கு, அலாரம் இல்லை

கழுத்தில் கரோடிட் தமனி பிரியும் இடத்திலும், இதயத்துக்கு மேல பெருந்தமனி வளைவிலும் அழுத்த சென்சார்கள் இருக்கு. நீங்க எழுந்து நின்னதும் அரை லிட்டருக்கு மேல ரத்தம் கீழே இறங்கும். இந்த சென்சார்கள் சில நொடியில் அதைச் சரிக்கட்டிடும்.

ஆனா இது மூளையோட மட்டும்தான் பேசும், உங்களுக்கு நோட்டிஃபிகேஷன் வராது. அதைவிட மோசம், அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தா அதையே நார்மல்னு எடுத்துக்கும். லிமிட்டைத் தானே மாத்திக்கிற மானிட்டரிங் மாதிரி. அதனால "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்பது ஆதாரமே கிடையாது.

கருவாடும் கிட்னியும்

நீண்ட கால கன்ட்ரோல் கிட்னியிடம். உப்பு சேர்ந்தா, அதைக் கரைச்சு வைக்க உடம்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். ரத்த அளவு கூடும், ஓட்டம் கூடும். அழுத்தம் குறைஞ்சா கிட்னி ரெனின் விடும். அதிலிருந்து உருவாகும் ஆஞ்சியோடென்சின் குழாயைச் சுருக்கும், உப்பையும் பிடிச்சு வைக்கச் சொல்லும். பிபி இருக்கும் பலருக்கு இந்த செயின் தேவைக்கு மேல ஓடும்.

உலக சுகாதார அமைப்பு சொல்றது, நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு. ஒரு டீஸ்பூன் அளவு, அவ்வளவுதான். கருவாடு கெடாம இருக்கிறதே உப்பால. விட்டுடுங்கன்னு சொல்ல மாட்டேன், கடற்கரை ஊரில் அது எடுபடாது. நல்லா ஊறவச்சு, தண்ணி மாத்திக் கழுவுங்க. அன்னைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம்.

மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது

தங்கச்சிமடத்தில் இருக்கிற எங்க அத்தை ஒருநாள் ஃபோனில், "பிபி 120 தான்டா தம்பி இருக்கு, மாத்திரையை விட்டுட்டேன்"னாங்க. "அத்தை, மாத்திரை போட்டதாலதான் 120"ன்னு புரிய வைக்க அரை மணி நேரம் ஆச்சு.

அவங்களுக்குச் சொன்னது இதுதான். அம்லோடிபின் குழாயைத் தளர்த்தும், தடை குறையும். டெல்மிசார்ட்டன் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும். நீர் மாத்திரை ரத்த அளவைக் குறைக்கும். அட்டெனலால் துடிப்பைக் குறைக்கும். எல்லாமே அதே ஃபார்முலாவைத்தான் தொடுது. பெரும்பாலும் மாத்திரை மூலக் காரணத்தைத் தீர்க்கறதில்லை, அழுத்தத்தைப் பிடிச்சு வைக்குது. கையை எடுத்தா மறுபடி ஏறும். ஏறினது தெரியாது, தெரியும்போது அது பக்கவாதமாவோ கிட்னி செயலிழப்பாவோ இருக்கலாம். மாத்திரை தீர்ந்துடுச்சு என்பதும் காரணம் ஆகக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி மாத்திரை வீட்டுக்கே வருது.

இந்த வார ஹோம்வொர்க்

வீட்டில் பெரியவங்களுக்கு பிபி பாருங்க, உங்களுக்கும் பாருங்க. அதுக்கு அரை மணி நேரம் முன்னாடி காபி, சிகரெட் வேண்டாம். முதுகு சாய்ச்சு, கால் தரையில் ஊன்றி 5 நிமிஷம் பேசாம உட்காருங்க. கை இதய மட்டத்தில் இருக்கட்டும். 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினாலே சுமார் 8 புள்ளி கூடக் காட்டும், சும்மா ரத்தத்தோட எடையாலேயே. வேற வேற நாளில் பார்த்தும் 140/90-க்கு மேல இருந்தா டாக்டரைப் பாருங்க.

ரீடிங் எடுத்துட்டுச் சொல்லுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!