மாதா கீவியின் நெய்ப் பாயசம்

"நாள் பூரா அடுப்படியே கதி, சாமி கும்பிடக்கூட நேரமில்லை" என்று அடிக்கடி அலுத்துக் கொள்வேன். சீக்கிய குருமார்களின் வரலாற்றைப் படித்த பிறகு அந்த அலுப்பு பாதி குறைந்துவிட்டது.

முதல் குரு நானக் (1469–1539), சாதி பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து உண்ணும் 'லங்கர்' என்ற சமபந்தியை ஆரம்பித்து வைத்தார். அடுத்து வந்த குரு அங்கதின் மனைவி மாதா கீவி, கடூரில் அந்தச் சமையலைத் தம் பொறுப்பில் நடத்தினார். நெய் மணக்கும் பால் பாயசம் பரிமாறிய அவர் பெயர், புனித நூலான குரு கிரந்த சாகிப்பிலேயே இடம் பெற்றிருக்கிறது!

1552-ல் மூன்றாம் குருவான அமர்தாஸ், பந்தியில் அமர்ந்து சாப்பிட்டால்தான் தம்மைப் பார்க்கலாம் என்று விதி வைத்தார். அக்பர் சக்கரவர்த்தியும் அப்படியே அமர்ந்து சாப்பிட்டதாகச் சொல்வார்கள். உடன்கட்டை ஏறுவதையும் பெண்களின் முகத்திரையையும் கண்டித்தவர் இவர்.

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்குத் தனித் தட்டு, கொல்லைப்புறத்தில் சாப்பாடு. மறுநாள் கூடத்தில் என் பக்கத்திலேயே இலை போட்டேன்.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கூச்சப்பட்டார்.

"சும்மா உட்காருங்க" என்றேன்.

மாமியார் இன்னமும் முணுமுணுக்கிறார். பரவாயில்லை, என் அடுப்படியிலும் இப்போது கொஞ்சம் பூஜை நடக்கிறது!