சிங்கப்பூரின் பரப்பளவு: எந்த ஆண்டுக் கணக்கு?

ஒரு நாட்டின் பரப்பளவைப் பள்ளியில் ஒருமுறை மனப்பாடம் செய்தால் ஆயுளுக்கும் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிங்கப்பூருக்கு அது செல்லாது. 1965இல் தனிநாடானபோது அதன் நிலப்பரப்பு சுமார் 581 சதுர கிலோமீட்டர். 2024இல் ஏறக்குறைய 735. போரும் இல்லை, அண்டை நாட்டு மண்ணைச் சேர்த்துக்கொண்டதும் இல்லை. கடலைத் தூர்த்தே கால் பங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது அந்தத் தீவு.

இந்த வளர்ச்சியைக் கண்ணால் பார்க்க ஏற்ற இடம் தெலுக் ஆயர் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகம் செய்யப் போன தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையே அங்கே நாகூர் தர்காவைக் கட்டினார்கள். அன்று அந்தத் தெருதான் கடற்கரை. சில அடி தூரத்தில் கடலோடிகளைக் காக்கும் பெண் தெய்வத்துக்குச் சீனர்கள் எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயில். கப்பலை விட்டு இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு ஊருக்குள் போவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் கரை தூர்க்கப்பட்டது. இப்போது தர்காவுக்கும் கடலுக்கும் நடுவே தெருக்களும் அலுவலகக் கோபுரங்களும் நிற்கின்றன.

விடுதலைக்குப் பின் வேலை இன்னும் பெரிய அளவில் நடந்தது. கிழக்குக் கடற்கரையில் மட்டும் 1966 முதல் இருபது ஆண்டுகளில் 1,525 ஹெக்டேர் கிடைத்தது. அதற்கான மண் பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து வந்தது. குன்றை வெட்டி, நகரும் பட்டைகளில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிக் கடலில் கொட்டினார்கள். பரப்பளவு என்பது மேலிருந்து பார்க்கும் வரைபடக் கணக்கு. அதில் மேடும் சமவெளியும் ஒன்றே. அதனால் புதிதாகக் கிடைத்த கரை கணக்கில் ஏறியது. காணாமல் போன குன்றுகளின் சுவடு அதில் இல்லை.

தண்ணீரை எப்படிக் கணக்கிடுவது என்பதிலும் சிக்கல் உண்டு. உலக வங்கியின் அட்டவணைகளில் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு அளவுகள் இருக்கும்: ஏரி, ஆறுகளையும் சேர்த்த மொத்தப் பரப்பு ஒன்று, அவற்றைக் கழித்த நிலப்பரப்பு இன்னொன்று. இந்தியாவுக்கு முதல் அளவு சுமார் 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர். இரண்டாவது சுமார் 29.73 லட்சம். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் நாடே சுருங்கிவிட்டது போலத் தோன்றும். சிங்கப்பூரில் கடலுக்கும் உள்நாட்டு நீருக்கும் இடையிலான கோடு இன்னும் மெல்லியது. 2008இல் மரீனா அணை வந்த பிறகு, அதுவரை கடலாக இருந்த மரீனா விரிகுடா நன்னீர்த் தேக்கமாகிவிட்டது.

இதெல்லாம் நில அளவையாளர்களின் கவலை மட்டும் என்று விட்டுவிட முடியாது. மக்கள்தொகை நெருக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2024இல் சிங்கப்பூரில் சுமார் 60.4 லட்சம் பேர். அந்த ஆண்டின் நிலத்தில் பகிர்ந்தால் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8,200 பேர். 1965இன் நிலத்திலேயே அவர்கள் வாழ்ந்திருந்தால் அது 10,000ஐத் தாண்டியிருக்கும். பழைய ஆண்டின் மக்கள்தொகையைப் புதிய பரப்பால் வகுத்து நெருக்கத்தைச் சொல்பவர், தெரியாமலே தப்பான வரலாற்றைச் சொல்கிறார். பரப்பளவைக் குறிப்பிடும் எவரும் பக்கத்திலேயே ஆண்டையும் எழுதியாக வேண்டும்.

ஆண்டோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, மணல் எங்கிருந்து வந்தது என்பது. உள்ளூர்க் குன்றுகள் தீர்ந்ததும் சிங்கப்பூர் அயல்நாட்டு மணலை வாங்கத் தொடங்கியது. மலேசியா 1997இல் ஏற்றுமதியை நிறுத்தியது. இந்தோனேசியா 2007இல் தடை விதித்தது, கம்போடியா 2017இல். ஜோகூர் நீரிணையில் நடந்த நில மீட்புப் பணிகளை எதிர்த்து மலேசியா 2003இல் சர்வதேசக் கடல்சட்டத் தீர்ப்பாயத்துக்கே போனது. 2005இல் இரு நாடுகளும் சமரசம் செய்துகொண்டன. சிங்கப்பூரின் கணக்கில் கூடிய ஒவ்வொரு சதுர கிலோமீட்டரையும், மணல் அள்ளப்பட்ட ஆற்றையும் கடலடியையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம். அங்கே மீன்பிடித்தவர்களின் இழப்பு எந்தப் பரப்பளவுப் பட்டியலிலும் வருவதில்லை.

மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் தெக்கோங் தீவில் நெதர்லாந்து முறைக்கு மாறியிருக்கிறார்கள். கடலைத் தூர்த்து மேடாக்குவதற்குப் பதிலாக, சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை எழுப்பி, உள்ளே இருந்த நீரை இறைத்துவிட்டார்கள். இப்படிக் கிடைத்த 800 ஹெக்டேர் அளவுள்ள நிலம் கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. மழைநீரை வெளியேற்றும் பம்புகள் அங்கே எப்போதும் தேவைப்படும்.

அடுத்த திட்டம் கிழக்குக் கரைக்கு அப்பால். ‘நீளத் தீவு’ என்று அழைக்கப்படும் அதுவும் சுமார் 800 ஹெக்டேர்தான். ஆனால் அதன் முதல் வேலை, ஏற்கெனவே இருக்கும் நிலத்தைக் காப்பது. சிங்கப்பூரின் சுமார் 30 சதவீத நிலம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரம்கூட இல்லை. 2100க்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று அந்நாட்டின் பருவநிலை ஆய்வு கணித்திருக்கிறது.