ஒரே சார்ஜில் 857 கி.மீ. ஓடுமா? ஒன்றரை கோடி ரூபாய் மின்சார கார் சொல்லும் கணக்கு

சத்தம் கிடையாது, புகை கிடையாது. பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம். மிதிச்சா 4.3 செகண்டில் 100 கி.மீ. வேகத்தை தொட்டுவிடும். அதுதான் மெர்சிடஸ் பென்ஸ் இ.க்யூ.எஸ். 580.

மராட்டிய மாநிலம் புனே அருகே உள்ள சகன் தொழிற்சாலையில் அசெம்பிள் செய்யப்பட்ட இந்த கார் 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. அப்போது ஷோரூம் விலை ரூ.1 கோடியே 55 லட்சம். அம்மாடியோவ்!

இந்த விலைக்கு வாங்குறவங்க கவலை அவங்களோட. ஆனா தவணையில் மின்சார ஸ்கூட்டர் எடுத்து சாப்பாடு டெலிவரி பண்றவங்களும் இந்த காரின் கணக்கை தெரிஞ்சுக்கிறது நல்லது. ஏன்னா ரெண்டுக்கும் கணக்கு ஒண்ணுதான்.

காகிதத்தில் 857

ஒரு முறை முழுசா சார்ஜ் போட்டால் 857 கி.மீ. ஓடும் என்று புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. ஆய்வு மையம் சான்று கொடுத்தது. சென்னையில் இருந்து கன்னியாகுமரி சுமார் 700 கி.மீ.தான். அப்படின்னா போய் சேர்ந்த பிறகும் சார்ஜ் மிச்சம் இருக்கணுமே?

அங்கேதான் விஷயம் இருக்கு. சோதனை நடப்பது ரோட்டில் அல்ல. கூடத்துக்குள் உருளை மேல் சக்கரத்தை சுழல விட்டு அளக்கிறார்கள். அதிகபட்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான். ஏ.சி. ஓடாது. நாலு பேர் ஏற மாட்டார்கள், மேடு கிடையாது. இதே காருக்கு ஐரோப்பிய சோதனையில் கிடைத்தது சுமார் 675 கி.மீ.

பேட்டரியில் அடங்குவது 107.8 யூனிட். ஹைவேயில் ஏ.சி. போட்டு விரட்டும்போது யூனிட்டுக்கு 5 கி.மீ. கிடைத்தால் 540 கி.மீ.யில் பேட்டரி காலி. வேகம் இரண்டு மடங்கானால் காற்று தடுக்கிற விசை நாலு மடங்காகும். காற்றை கிழிக்கத்தான் இந்த காரின் உடம்பை மீன் மாதிரி வழவழன்னு செய்திருக்கிறார்கள். அப்படியும் தப்ப முடியாது.

டவுனில் கதை வேற. காலை எடுத்தால் மோட்டாரே டைனமோ ஆகி பேட்டரிக்கு கொஞ்சம் கரண்டை திருப்பி கொடுக்கும். பெட்ரோல் வண்டிக்கு டிராபிக் எதிரி, இதுக்கு அவ்வளவா இல்லை.

பஸ் நிரம்புற மாதிரி

2016-ல் தமிழக வீடுகளுக்கு 2 மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு அறிவிச்சாங்களே, அதை விட அதிகமா இந்த கார் ஒரே சார்ஜில் குடிக்கும். வீட்டில் ஏ.சி.க்கு போடுற 15 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

200 கிலோவாட் பாஸ்ட் சார்ஜரில் போட்டால் 10 சதவீதத்தில் இருந்து 80 சதவீதத்துக்கு 31 நிமிஷம்தான். ஆனா அந்த பவர் மெஷினிலும் இருக்கணும். 60 கிலோவாட் மெஷின்னா அதே வேலைக்கு ஒண்ணேகால் மணி நேரம், 30 கிலோவாட்னா ரெண்டரை மணி நேரம்.

அது ஏன் 80 வரைக்கும் மட்டும் கணக்கு? காலி டவுன் பஸ்ஸில் சட்டுன்னு ஏறலாம். கூட்டம் சேர்ந்த பிறகு ஒவ்வொருத்தரா நெருக்கி உள்ளே போகணும். பேட்டரியும் அப்படித்தான். கடைசி 20 சதவீதத்தை வேகமா திணித்தால் சூடாகி பேட்டரி ஆயுள் குறையும். அதனால் சார்ஜரே வேகத்தை குறைத்துவிடும்.

ஸ்கூட்டர் வாங்குறவங்க கவனிக்க

ஷோரூமில் "எத்தனை கி.மீ. போகும்?" என்று மட்டும் கேட்காதீங்க. "பேட்டரி எத்தனை யூனிட்?" என்று கேளுங்க. 3 யூனிட் பேட்டரி, யூனிட்டுக்கு 30 கி.மீ. என்று வைத்தால் 90 கி.மீ. கிடைக்கும். பின்னால் ஆள் ஏறினால், மேம்பாலம் அதிகம் இருந்தால் இன்னும் குறையும். தினமும் 110 கி.மீ. சுத்துறவருக்கு நடுவில் ஒரு சார்ஜ் போட்டே ஆகணும். அந்த நேரத்துக்கு ஆர்டரும் கிடையாது, காசும் கிடையாது.