சத்தியமங்கலம் வரைக்குமாவது ஒரு ரயில்

ஈரோட்டை ஜங்ஷன் ஆக்கியவை இரண்டு தனியார் கம்பெனிகள். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிப் பாதை போட்டுவந்த மெட்ராஸ் ரயில்வே, சேலம், சங்ககிரி வழியே காவிரியைத் தாண்டி ஈரோட்டைத் தொட்டு, 1862-இல் பேப்பூரை எட்டியது. நாகப்பட்டினத்தில் தொடங்கிய கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனியின் பாதை, திருச்சி, கரூர் வழியாக 1868-இல் இங்கு வந்து சேர்ந்தது. அந்தக் கம்பெனியையும் இணைத்து 1874-இல் உருவான தென்னிந்திய ரயில்வே, திருச்சிப் பாதையை மீட்டர்கேஜாக மாற்றியது. அதனால் 1929-இல் அது மறுபடி அகலப்பாதை ஆகும்வரை, தஞ்சைப் பக்கமிருந்து கோவைக்குப் போகிறவர்கள் ஈரோட்டில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. சரக்கு மூட்டைகளும் இங்கேதான் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றப்பட்டன. மஞ்சளும் ஜவுளியும் விற்கும் ஊருக்கு அந்தப் போக்குவரத்து பெரும் பலம்.

இந்த வட்டாரத்து மக்களுக்கு நிஜமாக உதவியவை நின்று நின்று போகும் பாசஞ்சர் வண்டிகள். கரூர்ப் பாதையில் சாவடிப்பாளையம், பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி. கோவைப் பாதையில் பெருந்துறை, ஈங்கூர், விஜயமங்கலம், ஊத்துக்குளி. எக்ஸ்பிரஸ் வண்டிகள் பெரும்பாலும் நிற்காமல் கடந்துபோகும் இந்த நிலையங்களிலிருந்துதான் ஜவுளிச் சந்தைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், கொடுமுடி மகுடேசுவரர் கோயிலுக்கும் ஆட்கள் வந்து போனார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் பயணிகள் ரயில்கள் நின்றன. திரும்ப ஓடத் தொடங்கியபோது பாசஞ்சர்களுக்கு எக்ஸ்பிரஸ் கட்டணம் வந்துவிட்டது. குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய். 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் மீண்டது. தினக்கூலியை நம்பி வண்டி ஏறுகிறவருக்கு இந்த 20 ரூபாய் பெரிய தொகை. அதை மீட்க நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கக் கூடாது.

ஈரோடு மாவட்டத்தின் வடபாதியின் கதை வேறு. பவானி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் ஆகிய ஊர்களுக்கு ரயிலே வந்ததில்லை. சத்தியமங்கலத்துக்கு வடக்கே உள்ள மலைக்கு அந்தப்புறம், மைசூரிலிருந்து வரும் பாதை 1920-களிலேயே சாம்ராஜ்நகரை எட்டி அங்கேயே நின்றுவிட்டது. பெங்களூரிலிருந்து கனகபுரா, கொள்ளேகால், சாம்ராஜ்நகர் வழியே சத்தியமங்கலத்துக்கு 260 கி.மீ. பாதை போட 1996-97-இல் ஒப்புதல் கிடைத்தது. குறுக்கே நின்றது காடு. யானைகள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே போய்வரும் வழி அது. 2013-இல் 1,400 சதுர கி.மீ.க்கு மேல் பரப்புள்ள புலிகள் காப்பகமாகவும் ஆனது. அந்தக் காட்டு வழியே ஏறும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் ஏறுவதற்கே, வனவிலங்குகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, 2022 பிப்ரவரி முதல் இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது. அந்த வழியே தண்டவாளம் போடுவது நடக்காத காரியம்; நடக்கவும் கூடாது.

ஆனால் காட்டுக்குச் சொன்ன மறுப்பு சமவெளிக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதுபோல ஆகிவிட்டது. ஈரோட்டிலிருந்து கோபி வழியாகச் சத்தியமங்கலம் சாலையில் சுமார் 65 கி.மீ.தான். வழி நெடுக நெல்லும் கரும்பும் வாழையும் விளையும் வயல்கள், பட்டுக்கூடு, பூ வியாபாரம், கல்லூரிகள், ஓயாத பேருந்துக் கூட்டம். புலிகள் காப்பகம் சத்தியமங்கலத்துக்கு அப்பால்தான் தொடங்குகிறது. மலையேறும் திட்டத்திலிருந்து இந்தத் துண்டைத் தனியே பிரித்து, சத்தியமங்கலத்தையே கடைசி நிலையமாக வைத்து ஆராய்ந்தால் வனத்துறையோடு மோத வேண்டியிருக்காது. இங்கே உண்மையான சிக்கல் நிலம். பாசன வயலை விட்டுக்கொடுக்க எந்த விவசாயிக்கும் மனம் வராது. பாதையைத் தரிசும் மேடும் பார்த்து வளைப்பதும், நியாயமான இழப்பீட்டை முன்கூட்டியே கையில் கொடுப்பதும் தவிர வேறு வழியில்லை.

மலையடிவார ஊர் கடைசி நிலையமாக இருப்பது புதிதல்ல. மதுரை–போடிநாயக்கனூர் பாதை 1928-இல் வந்து, இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில் திரும்பப் போடப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூனில் மறுபடி போடிக்கு ரயில் வந்தது.

ஒப்புதலோடு நின்றுபோனது வடக்குப் பாதை மட்டுமல்ல. தெற்கே ஈரோடு–பழனி 91 கி.மீ. பாதைக்கும் ஒப்புதல் இருக்கிறது. சென்னிமலை, காங்கேயம், தாராபுரம் வழியாகப் போக வேண்டியது அது. பணி நடக்காததால், ஈரோட்டிலிருந்து பழனிக்கு ரயிலில் போக விரும்புகிறவர் இன்றும் மேற்கே போத்தனூர், பொள்ளாச்சி வழியாகவோ, கிழக்கே கரூர், திண்டுக்கல் வழியாகவோ சுற்றித்தான் போகவேண்டியிருக்கிறது.