மரக்கடை, கைப்பை, மியூசியம்: பிரான்சுவா பினோவை வாசித்தல்

பணக்காரர் ஓவியம் வாங்குவதில் என்ன அதிசயம்? ராஜாக்கள் வாங்கினார்கள், போப்பாண்டவர்கள் வாங்கினார்கள், இப்போது முதலாளிகள் வாங்குகிறார்கள். இப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நம்மில் பலரும் அப்படித்தான் நகர்ந்துவிடுகிறோம். கலையை ரசிக்கிறவர்களுக்கு அதன் விலையைப் பற்றிப் பேசுவது அநாகரிகம். தொழிற்சங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கோ ஓவியம் என்பதே மேட்டுக்குடிச் சமாசாரம். இந்த இரண்டு மௌனங்களுக்கும் நடுவில்தான் பிரான்சுவா பினோ போன்றவர்கள் சௌகரியமாக இயங்க முடிகிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமில்லை. 'மதிப்பு' என்கிற ஒன்று எப்படி உற்பத்தியாகிறது என்று விளக்க அவருடைய தொழில் வாழ்க்கையைவிடத் தெளிவான பிரதி எனக்குக் கிடைக்கவில்லை.

கதை எல்லோருக்கும் பிடித்த மாதிரிதான் தொடங்குகிறது. பினோ 1936இல் பிரான்சின் வடமேற்கே பிரிட்டனியில் பிறந்தவர். அப்பாவுக்கு மர வியாபாரம். பதினாறு வயதில் படிப்பை நிறுத்தியவர், 1960களின் தொடக்கத்தில் ரென் நகரில் சொந்தமாக மரக் கம்பெனி ஆரம்பித்தார். 1980களில் நொடித்துப்போன கம்பெனிகளை வாங்கி, நிமிர்த்தி, விற்றார். பிறகு சில்லறை வணிகம். 1991இல் மரச்சாமான் விற்கும் கான்ஃபொரமா, 1992இல் ப்ரென்தான் பல்பொருள் அங்காடி, 1994இல் தபால்வழித் துணி வியாபாரம் செய்யும் லா ரெதூத், அதே ஆண்டில் புத்தகமும் இசைத்தட்டும் விற்கும் ஃப்னாக். ஒரு சாதாரண பிரெஞ்சுக் குடும்பம் கட்டிலும் சட்டையும் நாவலும் வாங்கப் போகிற இடமெல்லாம் அவருடையதாயிற்று.

திருப்பம் இதற்குப் பிறகு வருகிறது. 1998இல் லண்டனின் பழைய ஏல நிறுவனமான கிறிஸ்டீஸை ஏறத்தாழ 120 கோடி டாலருக்கு வாங்கினார். 1999இல் போட்டியாளர் பெர்னார் ஆர்னோவை முந்திக்கொண்டு, ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு கூச்சியின் 40 சதவீதத்துக்கும் அதிகமான பங்குகளைப் பிடித்தார். சாதாரண ஜனங்களின் கடைகள் அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2006இல் ப்ரென்தான் போயிற்று, 2011இல் கான்ஃபொரமா. 2013இல் ஃப்னாக் பிரிக்கப்பட்டது. 2014இல் லா ரெதூத் அதன் நிர்வாகிகளிடமே பெயருக்கு ஒரு யூரோ விலையில் ஒப்படைக்கப்பட்டது. கம்பெனிக்கு 2013இல் கெரிங் என்று புதுப்பெயர். நிர்வாகம் 2005லேயே மகன் கைக்குப் போய்விட்டது.

ஏன் இந்த மாற்றம்? கட்டிலின் விலையை மரம், கூலி, லாரி வாடகை என்று கணக்குப் போட்டுக் காட்டிவிடலாம். எதிர்க்கடைக்காரன் குறைத்தால் நாமும் குறைத்தாக வேண்டும். கூச்சி கைப்பைக்கு அந்தக் கணக்கு செல்லாது. தோலையும் தையல் கூலியையும் கூட்டிக் கழித்த பிறகு மிஞ்சி நிற்பது பெயர். பியர் பூர்தியு 1975இல் இவெத் தெல்சோவுடன் சேர்ந்து பாரிசின் ஆடை வடிவமைப்பாளர்களைப் பற்றி எழுதிய கட்டுரை இங்கே உதவும். மந்திரவாதியின் சக்தி அவனை நம்புகிற கூட்டத்தில் இருக்கிறது என்று மார்செல் மோஸ் விளக்கியதை, பூர்தியு துணியின் மேல் விழும் கையொப்பத்துக்குப் பொருத்தினார். துணி அப்படியேதான் இருக்கிறது. கையொப்பம் விழுந்ததும் அதன் சமூக இயல்பு மாறிவிடுகிறது. அப்படியானால் முதலாளி உண்மையில் உடைமையாக்க வேண்டியது நம்பிக்கை உற்பத்தியாகிற இடங்களை.

பினோவின் வெற்றி இங்கேதான். அவர் குடும்ப நிறுவனமான ஆர்தெமிஸிடம் கிறிஸ்டீஸ் இருக்கிறது. கெரிங்கிலும் அதற்குத்தான் பெரிய பங்கு. சேகரிப்பைக் காட்ட வெனிசில் பலாஸோ கிராஸி (2006), புன்டா தெல்லா தொகானா (2009), பாரிசில் பூர்ஸ் த கொமெர்ஸ் (2021). ஏலக்கூடம் ஒரு விலையைச் சொல்கிறது. மியூசியம் 'இது விலைக்கு அப்பாற்பட்டது' என்கிறது. அப்பாற்பட்டது என்று சொல்லப்பட்டதால் விலை மேலும் ஏறுகிறது. டியூப்லைட்டில் 'உபயம்' எழுதிக்கொள்கிற ஆசை அல்ல இது. சம்பாதித்த பணத்தைக் கலைக்குச் செலவழிக்கிறார் என்பதைவிட, கலையும் கைப்பையும் ஒரே பட்டறையில் மதிப்பேற்றப்படுகின்றன என்பதே சரி.

யாரோ கூடிச் சதி செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சதி தேவைப்படாத அளவுக்கு அமைப்பே சீராக ஓடுகிறது. கலைக்குக் கொடை தரும் கம்பெனிக்கு அத்தொகையில் 60 சதவீதத்தை வரியில் கழித்துக்கொள்ள 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. கொண்டுவந்த பண்பாட்டு அமைச்சர் ழான்-ழாக் அயகோன். பதவி போனபின் அவர் பினோவின் பலாஸோ கிராஸிக்குத் தலைமை வகித்தார். பிறகு அரசின் வெர்சாய் அரண்மனைக்குத் தலைவரானார். 2008இல் ஜெஃப் கூன்ஸின் சிற்பங்கள் அங்கே வைக்கப்பட்டன. பினோவுக்குச் சொந்தமான 'பலூன் நாய்' அவற்றில் ஒன்று. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. சட்டப்படி நடப்பதே நம் கவனத்துக்குரியது. போட்டியாளர் ஆர்னோவின் லூயி வித்தோன் அறக்கட்டளையால் அவர் குழுமத்துக்குக் கிடைத்த வரிச்சலுகை ஏறத்தாழ 51.8 கோடி யூரோ என்று பிரெஞ்சுத் தணிக்கை மன்றம் 2018இல் கணக்குச் சொன்னது. பொதுப்பணம், தனியார் ரசனை. நோத்ர்-தாம் தேவாலயம் 2019இல் எரிந்தபோது பினோ குடும்பம் 10 கோடி யூரோ அறிவித்து, வரிச்சலுகை வேண்டாமென்றும் சொன்னது. தனிமனித குணத்தை வைத்து இந்த ஏற்பாட்டை அளக்க முடியாது என்பதற்கு அதுவே போதும்.

இதில் உழைப்பவர் எங்கே? 2009 பிப்ரவரியில் கான்ஃபொரமாவிலும் ஃப்னாக்கிலும் 1,200 வேலைகள் நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. மார்ச் கடைசியில் ஊழியர்கள் பாரிசில் மகன் பினோவின் டாக்ஸியைச் சுமார் ஒரு மணி நேரம் மறித்தார்கள். ஜூனில் அப்பா வெனிசில் புன்டா தெல்லா தொகானாவைத் திறந்தார். ஒன்று பங்குச்சந்தைக் கம்பெனியின் கணக்கு, மற்றது குடும்பச் சேகரிப்பின் கணக்கு; சட்டத்தின் கண்ணில் தொடர்பில்லை. கலைப் பக்கத்தில் திறப்பு விழா, வணிகப் பக்கத்தில் ஆட்குறைப்பு என்று செய்தித்தாளும் பிரித்துத்தான் போடுகிறது. அந்தப் பக்கப் பிரிவினையும் மதிப்பை உற்பத்தி செய்யும் வேலையில் ஒரு பகுதி.

எதிர்ப்புக் கலை இதைத் தகர்த்துவிடாதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 1983இல் நியூயார்க் தெருவோரத்தில் டேவிட் ஹாமன்ஸ் என்கிற கறுப்பினக் கலைஞர் துணி விரித்துப் பனி உருண்டைகளை அளவுவாரியாக அடுக்கி விற்றார். விலை என்பதையே கேலி செய்த காரியம். தானியச் சந்தையாகவும் பிறகு சரக்குப் பரிவர்த்தனைக் கூடமாகவும் இருந்த பூர்ஸ் த கொமெர்ஸ் 2021இல் மியூசியமாகத் திறந்தபோது முக்கிய இடம் பெற்றவை ஹாமன்ஸின் படைப்புகள். பெரும்பாலானவை பினோவுக்குச் சொந்தம். ஹாமன்ஸை விலைபோனவர் என்று ஏசுவது சுலபம். அது தவறு. படைப்பின் கோபம் படைப்பில் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் கோபமும் ஒருவரின் சேகரிப்பை அந்தஸ்துள்ளதாக்க உதவுகிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

கலையை விட்டு விலகுவது இதற்குப் பதிலாகாது. விலகினால் மொத்தத்தையும் அவர்களுக்கே எழுதிக்கொடுத்ததாகிவிடும். படைப்பைப் பற்றி எழுதும்போது, அதை யார் வைத்திருக்கிறார், எந்தப் பணத்தில், எந்த வரிச்சலுகையில், அதே வருஷம் யாருக்கு வேலை போயிற்று என்ற கேள்விகளையும் விமரிசனத்தின் உள்ளேயே வைக்கலாம். இதனால் ரசனை கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால், அந்த ரசனையை யார் கற்றுக்கொடுத்தது என்று அடுத்ததாகக் கேட்போம்.